குஞ்சு வேண்டாம், கோழியாகக் கொடுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

நீயும் ரூமில் இருக்கும் பிள்ளைகளும் பணம் போட்டு நம் ஆற்றங்கரைத் தெருவில் கஷ்டப்படுகிற வீடுகளுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கப் போவதாகச் சொன்னாய். நல்ல காரியம்தான். ஆனால் குஞ்சு வேண்டாம். முட்டையிடப் போகிற வெடைக்கோழியாக வாங்குங்கள்.

மிஷினில் பொரித்த குஞ்சுக்குத் தாய் ஏது? மூன்று நான்கு வாரம் பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும். 2018ல் கஜா புயல் அடித்த பிறகு யாரோ வேனில் குஞ்சு கொண்டுவந்து கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? கார்த்திகைக் குளிர், கரண்ட் கம்பமெல்லாம் படுத்துக் கிடந்தது. குஞ்செல்லாம் சூட்டுக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கியே செத்தன. தை பிறக்கும்போது தெருவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நம் நாட்டுக்கோழி, அந்தச் சிறுவிடைக்கோழிக்கு இந்த வம்பே கிடையாது. பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து அடையில் விட்டால் 21ஆம் நாள் பொரித்துவிடும். பருந்து நிழல் தரையில் விழுந்ததும் ஒரு சத்தம் கொடுக்கும் பார், அத்தனை குஞ்சும் இறக்கைக்குள் போய்விடும். குட்டிக்கால்கள்தான் வெளியே தெரியும். வனராஜா, கிராமப்ரியா என்று பண்ணையில் உருவாக்கிய கோழி ரகங்களை விற்கிறார்கள். முட்டை நிறைய இடும், ஆனால் அடைக்கு உட்காராது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்குப் பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டும்.

அடுத்து வெள்ளைக் கழிச்சல் நோய். வந்தால் தெருவையே துடைத்துவிடும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. மருந்து ஐஸிலேயே இருக்க வேண்டும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு புட்டி நூறு இருநூறு கோழிக்கு வரும். ஒரு வீட்டுக்காக யார் அதை உடைப்பார்கள்? தெரு மொத்தத்துக்கும் ஒரே நாளில் போட மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் நான் பேசுகிறேன்.

கொடுப்பதைப் பெண்கள் கையில் கொடுங்கள். முட்டைக் காசுதான் எங்களுக்கெல்லாம் சிறுவாட்டுக் காசு. உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? உன் அப்பாவுக்கே இன்னும் தெரியாது.

இலவசம் என்று சொல்லாதீர்கள். உன் ஆயா காலத்தில் கோழியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க விடுவார்கள், பொரித்த குஞ்சில் பாதி கொடுத்தவருக்கு. நமக்குத் திருப்பித் தர வேண்டாம், குஞ்சு வளர்ந்ததும் இரண்டு பெட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கட்டும். அமெரிக்காவில் 1944ல் தொடங்கிய ஹெய்ஃபர் என்ற அமைப்பு இப்படித்தான் மாடு கொடுக்கிறதாம், முதல் பெண் கன்று அடுத்த குடும்பத்துக்கு. உன் தங்கை படித்துச் சொன்னாள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்காக வேண்டாம். சில வீட்டில் ஆள் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவார்கள், கீரியும் நாயும்தான் தின்னும். யாருக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன். நாற்றங்கால் சமயத்தில் கொடுத்தால் கோழி போய் நாற்றைக் கிளறிவிடும், தெருவில் சண்டை வரும். சம்பா அறுப்பு முடிந்து களத்தில் கருக்காய் நெல் சிந்திக் கிடக்கும்போது, தை கடைசியில் வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு மூன்று பெட்டை போதும், நாலு வீட்டுக்கு ஒரு சேவல். கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பணம் அனுப்பு.

அம்மா