வன்னிச் சைக்கிள் கடை அண்ணைமாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணைமாரே, தம்பிமாரே,

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த சனத்துக்கு, கோடிப்புறத்தில் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாம் ஓட வைத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். அதற்கு முன்னர், பொருளாதாரத் தடைக்குள் சாமானே இல்லாமல் ஓட வைத்தவர்களும் நீங்கள்தான். உங்களுக்கு வேலை சொல்லித் தர நான் ஆளில்லை. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பழைய றேசிங் சைக்கிள்களைப் பற்றி மட்டும் ஒரு கதை.

என் பெறாமகன் பரந்தனிலிருந்து வரும்போது ஹாண்டில் முறிந்து விழுந்தான். குழியுமில்லை, வேகமுமில்லை. நாடியும் முழங்கையும் உரஞ்சியதோடு தப்பினான். பின்னால் பஸ் ஏதும் வராதது அவன் தாயின் நேர்த்தி.

முறிந்த வாயைப் பார்த்தேன். பாதி கறுத்து மழமழவென்று இருந்தது, மீதி புதுசாய் மினுங்கியது. கறுத்த பாதி அன்றைக்கு முறிந்ததல்ல, நாட்பட வெடித்து வந்தது. வெடிப்புத் தொடங்கிய இடத்தில், கழுத்தின், அதாவது ஹாண்டிலைப் பிடிக்கும் தண்டின், விளிம்பு கடித்த ஒரு குறுக்குக் கீறல். அளந்தால் ஹாண்டிலின் நடு 26.0 மி.மீ., இத்தாலிய அளவு. கழுத்தின் வாய் 25.4. வாயை ஸ்க்ரூட்ரைவரால் பிளந்து தட்டி ஏற்றியிருக்கிறார்கள். 0.6 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, வேர்னியர் அளவுகோலுக்குத் தெரியும்.

எங்கள் நாட்டு லுமாலா சைக்கிளின் இரும்பு ஹாண்டில் பெரும்பாலும் முதலில் வளைந்து காட்டும். அலோய், அதாவது அலுமினியக் கலவை, அப்படியில்லை. சின்னக் குலுக்கலும் சேர்ந்து சேர்ந்து அதைக் களைக்க வைக்கும், ஒரு நாள் சொல்லாமல் முறியும். 40 வருடம் எங்கோ ஓடியதை எங்கள் கிரவல் ஒழுங்கையில் விட்டால் எப்படி? ஆகவே ஹாண்டிலைச் சுற்றிய நாடாவைக் கழற்றி, மண்ணெண்ணெயால் துடைத்து, கழுத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். மயிரிழை தெரிந்தாலும் போடாதீர்கள். ஹாண்டில் கழுத்தின் வாய்க்குச் சிறிதென்றால் பால்மா ரின்னை வெட்டிச் சுற்றி இறுக்குவதும் வேண்டாம். கழுத்தை உயர்த்தித் தரச் சொன்னால் அதில் பெரும்பாலும் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியக் கூடாது.

பெடலிலும் இதே சிக்கல்தான். பழைய பிரெஞ்சுக் கிராங்கில் பெடல் பூட்டும் துளை 14 மி.மீ., மற்றவை பெரும்பாலும் 9/16 அங்குலம், அதாவது 14.3. 9/16 பெடலை 14 துளையில் பூட்டினால் முதல் ஓரிரு சுற்று ஏறி இறுகும். அங்கேயே நிறுத்துங்கள். இரும்புக் கிராங்கை இறுக்கும் கொட்டர் பின்னுக்கு அடிக்கும் சுத்தியலை அலோய்க் கிராங்குக்கு எடுக்கவே வேண்டாம். அப்புறம் ரயர்: எங்கள் பெரிய சைக்கிளும் 28, றேசிங் சைக்கிளின் 700சீ ரயரிலும் சிலவேளை 28 என்று போட்டிருக்கும். ஆனால் றிம்மில் ஒன்று 635 மி.மீ., மற்றது 622. ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

“பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, எப்படியாவது போட்டு விடுங்கோ அண்ணை” என்று நாங்கள்தான் நெருக்குகிறோம். சரி, அது எங்கள் பிழை. நீங்கள் ஏலாது என்று சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொன்று. கழற்றிய வெடித்த ஹாண்டிலைக் கடை மூலையில் சாத்தாமல் இரும்பு வாளால் இரண்டாக அறுத்து விடுங்கள். எங்கள் பிள்ளையின் சைக்கிளோடு வந்த ஹாண்டில் வளைந்திருந்தது என்று முன்னர் மாற்றியிருந்தோம், முறிந்த அந்த மாற்று ஹாண்டில் வந்தது அப்படி ஒரு மூலையிலிருந்துதான்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு சைக்கிள்காரன்