எல்லாரையும் 'பக்தர்கள்' என்றால் யார் எப்போது வருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீசியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் நோன்பு. அதற்கு முன்பே கோயில் அறிவிப்புகள் அச்சாகிவிடும். அவற்றில் பல, முதலில் பிரெஞ்சில் எழுதப்பட்டுப் பிறகு தமிழுக்கு வருபவை. பிரெஞ்சில் 'ஃபிதேல்' என்றால் மாதா கோயிலுக்குப் போகிறவரையும் குறிக்கும், முருகன் கோயிலுக்கு வருகிறவரையும் குறிக்கும். தமிழில் அந்த இடத்திலெல்லாம் 'பக்தர்கள்' என்று போட்டுவிடுகிறார்கள். சொல் தவறில்லை. ஆனால் யாரைச் சொல்கிறோம் என்பது தெரியாமல் போகிறது.

'பக்தர்கள் காலை 6 மணிக்குள் ஆற்றங்கரைக்கு வந்துவிட வேண்டும்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது காவடி எடுப்பவர்களுக்கான நேரம். அலகு குத்தி, காவடியில் பால் சொம்பைக் கட்டி முடிக்க நேரம் பிடிக்கும். சாமி கும்பிட வரும் குடும்பங்களும் அதே நேரத்துக்கு அங்கே வந்து நின்றால், அலகு குத்தும் இடத்தில் நெரிசல், புறப்பாடு தள்ளிப்போகும். தை மாதம் இங்கே கடுங்கோடை. வெயில் ஏற ஏறச் சொம்பில் உள்ள பால் திரிந்துவிடுமோ என்று காவடி எடுப்பவருக்குக் கவலை. பால் திரியாமல் சன்னதி போய்ச் சேர்ந்தால்தான் நோன்பு நல்லபடி நிறைவேறியதாக இங்கே கொள்வார்கள். ஆகவே, 'காவடி எடுப்போர் 6 மணிக்குள் ஆற்றங்கரைக்கு. தொண்டர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பாக. மற்ற பக்தர்கள் 9 மணி முதல் கோயிலுக்கு' என்று பிரித்து எழுதவேண்டும். ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

'தொண்டர்' என்று எழுதத் தயங்கி 'வாலண்டியர்' என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழகச் செய்திகளில் கட்சித் தொண்டர் என்றே கேட்டுப் பழகியதால், கோயிலுக்கு அது ஒட்டாது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். கட்சிகளுக்கு வெகுகாலம் முன்பே அது கோயிலின் சொல். சிவனடியார்களைப் போற்றிச் சுந்தரர் பாடிய பதிகம் திருத்தொண்டத்தொகை. அதை விரித்துச் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்துக்கு அவர் வைத்த பெயரே திருத்தொண்டர் புராணம். சுந்தரர் 60 தனியடியார்களோடு, கூட்டமாகச் சொல்லப்படும் 9 தொகையடியார்களையும் வணங்குகிறார். அந்த ஒன்பதில் ஒரு கூட்டம்தான் 'பத்தராய்ப் பணிவார்'. நாம் இன்று பக்தர் என்று எழுதுவது அங்கே 'பத்தர்'. அன்றே தனித்தனிப் பெயர் சொல்லி வகுத்ததை நாம் ஒரே சொல்லில் கொட்டிவிட வேண்டியதில்லை. ஊர்வலப் பாதையில் தண்ணீர் ஊற்றுகிறவர், வாழை இலை போட்டு ஏழு சைவக் கறி பரிமாறுகிறவர், செருப்பைப் பார்த்துக்கொள்கிறவர் எல்லாரும் தொண்டர்களே.

'அடியார்' என்பதில் இன்னும் கவனம் வேண்டும். அதன் ஈற்றில் உள்ள 'ஆர்' மரியாதை காட்டுவது. அதனால் பிறரைத்தான் அப்படிச் சொல்லலாம். தன்னைச் சொல்லும்போது அடியேன், பலராக இருந்தால் அடியோங்கள். அழைப்பிதழின் அடியில் 'இப்படிக்கு, அடியார்கள்' என்று போட்டால் நமக்கு நாமே மாலை சூட்டிக்கொள்வது போலாகும். 'விழாக் குழுவினர்' என்று போட்டுவிட்டால் வம்பே இல்லை.

இப்போது கைப்பேசியிலேயே மொழிபெயர்த்து ஒட்டுவதால் 'முருகனைப் பின்பற்றுபவர்கள்' என்ற தொடரும் வரத் தொடங்கியிருக்கிறது. ஒரு நெறியை, ஒரு ஆசானைப் பின்பற்றலாம். புத்தரைப் பின்பற்றுவோர் என்றால் சரி. முருகனை வழிபடுகிறோம். 'முருகனின் சீடர்கள்' என்பதும் இதே வழியில் வந்த பிழை. பாடம் சொல்லிக்கொடுத்த குரு இருந்தால்தான் சீடர். அகத்தியரை முருகனின் சீடர் என்றால் பொருந்தும், அவருக்குத் தமிழ் உபதேசித்தவன் முருகன் என்பது மரபு. காவடி எடுக்கும் நமக்கு அது பொருந்தாது. பின்தொடர்பவர் என்பது சமூக ஊடகத்தோடு நிற்கட்டும்.

ரசிகரும் அப்படித்தான். முருகன் பாட்டுக்கு ரசிகர் உண்டு, நாகசுரத்துக்கு உண்டு. சுவை அறிந்து கேட்பவர் என்ற அளவில் அது உயர்ந்த சொல்லே. 'முருகன் ரசிகர்கள்' என்று இளைஞர் குழுவின் சட்டையில் அச்சிடுவதுதான் மனதுக்கு ஒவ்வவில்லை. 'முருகனடியார்' என்று பிறர் அவர்களை அழைக்கட்டும். சட்டையில் 'திருத்தொண்டர் குழு' என்றிருந்தால் போதும்.

கடைசியாக எழுத்துப்பிழை. 'பக்த்தர்' என்று எழுதவே கூடாது. 'க்' என்ற வல்லின மெய்யை அடுத்து இன்னொரு வல்லின மெய் இரட்டிக்காது; பக்தர், பக்தி, சக்தி எல்லாம் ஒரே கணக்கு. பெரிய பதாகையில் அச்சான பிறகு இதைத் திருத்த முடியாது. அச்சகத்திலிருந்து மெய்ப்பு (புரூஃப்) வந்ததும் தமிழ் தெரிந்த ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, 'பக்தர்கள்' வரும் இடமெல்லாம் நோன்பு இருப்பவரா, வேலை செய்பவரா, கும்பிட வருபவரா என்று கேட்டுத் திருத்திக் கொடுக்கும்படி கோயில் நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
காத்ர் போர்ன், மொரீசியஸ்