பாலத்தால கறிவேப்பிலை வராது பிள்ளை

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லை தாண்டிக் காரில உன்னட்ட வரேக்க கொண்டு வரச்சொல்லி நீ வட்ஸ்அப்பில அனுப்பின லிஸ்ட் கிடைச்சுது. கொம்மா அதைப் பேப்பரில எழுதி பிரிட்ஜில ஒட்டி வைச்சிருக்கிறா, போகேக்க வரேக்க ஒண்டைச் சேர்க்கிறா, நான் பின்னால போய் ஒண்டை வெட்டுறன், வீட்டில இப்ப இதுதான் சண்டை. போனில கத்துறதை விட எழுதினா நீயும் ஆறுதலா வாசிப்பாய், கொம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டலாம் எண்டு இருந்து எழுதுறன்.

லிஸ்டில முதலாவதா கறிவேப்பிலை போட்டிருக்கிறாய். அது வராது பிள்ளை. இங்க கனடாவில, ஸ்காபரோவில எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் கட்டுக் கட்டாக் கிடக்கு, அமெரிக்காவில உன்ர ரொச்செஸ்ரர் வீட்டுக்கு மூண்டு மணித்தியால ஓட்டம், இதுக்குள்ள ஒரு கட்டு இலைக்கு என்ன சட்டம் எண்டு நீ கேப்பாய். கொம்மாவும் அதைத்தான் கேட்டவ. கறிவேப்பிலையும் தோடை, தேசியும் ஒரே குடும்பத்து மரங்கள். அந்தக் குடும்பத்தில இருந்து சாறு உறிஞ்சிற ஒரு பூச்சி இருக்கு, ஏசியன் சிட்ரஸ் சில்லிட் எண்டு பேர், எள்ளளவுதான் இருக்கும், இலைக்கு அடியில ஒட்டிக்கொண்டு கிடக்கும். அது ஒரு மரத்தில இருந்து மற்ற மரத்துக்கு ஒரு நோயைக் கொண்டு போகுது, தோடம்பழம் பச்சையாவே நிண்டு கோணலாகி விழுந்திடும், பிறகு மரமும் போயிடும், மருந்து இல்லை. புளோரிடாவில 1998இல பூச்சியைக் கண்டவை, 2005இல நோயைக் கண்டவை. அதுக்கு முந்தி வருசத்துக்கு 24 கோடிப் பெட்டி வரைக்கும் தோடம்பழம் புடுங்கின இடம், 2022-23 சீசனில 2 கோடிப் பெட்டி கூட வரேல்லை. புயலும் அடிச்சதுதான், எண்டாலும் அடிவேரை அறுத்தது அந்த நோய். கனடாவுக்கு இந்தப் பயம் இல்லை ஏன் எண்டா இங்க ஆர் தோடந்தோட்டம் வைச்சிருக்கினம், பூச்சி வந்தாலும் ஜனவரிக் குளிரில விறைச்சுச் செத்துப் போகும். அதாலதான் இந்தப் பக்கம் கடையில குவிச்சு விக்கினம், அந்தப் பக்கம் ஒரு நெட்டு விடமாட்டினம். எனக்கு அது நியாயமாத்தான் படுது, கொம்மாவுக்குத்தான் படேல்லை.

நீ உங்க இருக்கிற இந்தியன் கடையில கேள். அமெரிக்காவுக்குள்ளயே வளர்த்து விக்கிற கறிவேப்பிலை இருக்கு, எங்கட விலைக்கு வராது, கிடைக்கிற அண்டைக்கு வாங்கிக் கழுவித் துடைச்சு பிறீசரில போட்டு வை.

தேசிக்காயும் அதே கதைதான், கொண்டு வரேல்லை. மாம்பழம் எண்டு எழுதி பக்கத்தில ரெண்டு இதயம் வேற போட்டிருக்கிறாய், என்ன செய்யிறது, அதுவும் இல்லை. கனடாவில வாங்கினது வேற, கனடாவில விளைஞ்சது வேற எண்டுறதைத்தான் கனபேர் விளங்கிக்கொள்ளீனம் இல்லை. ஒன்ராறியோ அப்பிள் எண்டா கனடாவில விளைஞ்சது எண்டு ஸ்ரிக்கரோட இருந்தா பெரும்பாலும் விடுவினம். மாம்பழம், முருங்கைக்காய் எல்லாம் வேற நாட்டில இருந்து கப்பலிலயும் பிளேனிலயும் இங்க வந்து இறங்கினது, நாங்கள் காசு குடுத்து பில் வைச்சிருக்கிறதால அது கனடாச் சாமான் ஆகாது. அப்பிளைக் கூட நான் எடுக்கேல்லை, நியூயோர்க் மாநிலத்துக்கு அப்பிள் காவிக்கொண்டு போறவனைப் பாத்து ஆக்கள் சிரிப்பினம்.

கொம்மா சிவப்பரிசி பத்து இறாத்தல் கட்டி வைச்சவ, அதையும் எடுத்து உள்ள வைச்சிட்டன். கப்ரா வண்டு எண்டு தானியத்தைத் தின்னுற ஒரு சாமான் இருக்கு, அது உள்ள நாடுகளில விளைஞ்ச அரிசியை பயணியள் கையில கொண்டு வரக்கூடாது எண்டு 2011இல இருந்து அமெரிக்காவில தடை, இந்தியாவும் அந்த லிஸ்டில நிக்குது. உங்கத்தைக் கடையில வாற அரிசி அதுக்குரிய பேப்பரோட கொன்ரெயினரில வாறது, அதை வாங்குவம்.

ஆட்டுக்கறி காய்ச்சி ஐஸ் பெட்டியில வைச்சுக் கொண்டு வாறன் எண்டு கொம்மா ஒரே பிடி. நான் மாட்டன் எண்டிட்டன். இறைச்சி விசயத்தில சட்டம் நோயைப் பாத்து மாறும், எந்த மிருகம், எங்க வளந்தது, பச்சையோ காய்ச்சினதோ எண்டு ஆயிரம் கேள்வி, 2022இல பறவைக்காய்ச்சல் வந்த நேரம் கோழிக்கும் முட்டைக்கும் புதுசு புதுசாக் கட்டுப்பாடு போட்டவை. காய்ச்சின கறிச்சட்டிக்கு லேபிளும் இல்லை பில்லும் இல்லை, அது எந்த நாட்டு ஆடு எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது. மருமோனிட்டச் சொல்லி உங்க நல்ல ஆட்டிறைச்சி வாங்கி வைக்கச் சொல்லு, கொம்மா வந்து காய்ச்சட்டும். ரோல்ஸும் அதே காரணத்தால மரக்கறி ரோல்ஸ்தான்.

இனி வாறதைச் சொல்லுறன், அழாத. மீனுக்குப் பிரச்சினை இல்லை. அதால மீன் கட்லட் வருது, கொம்மா பொரிக்காமல் பிறீஸ் பண்ணி வைச்சிருக்கிறா. நெத்தலிக் கருவாடு, மாசி, பனங்கட்டி, ஒடியல்மா, எலுமிச்சங்காய் ஊறுகாய் கடைப் போத்தலில சீல் உடைக்காமல், கேக், பயத்தம் பணியாரம் எல்லாம் வருது. எல்லாத்துக்கும் மேல சரக்குத்தூள். நீ பிள்ளை பெத்துக் கிடக்கேக்க கடைத்தூளில பத்தியக்கறி தின்னுறதோ எண்டு கொம்மா மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து, வீடு முழுக்க மணக்க மணக்க அரைச்சு, ஸ்மோக் அலார்ம் அடிக்க நான் துவாயால விசுக்கிக் கொண்டு நிண்டன். முழு மல்லியாத் தாறன் அங்க அரை எண்டு முதல்ல சொன்னவ, நான்தான் அரைச்சே கொண்டு போவம் எண்டனான், விதையாக் கண்டா நடுற விதையோ எண்டு அதுக்கு வேற கேள்வி வரும், தூளுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

போன முறை எல்லையில கறித்தூளை உள்ள கூப்பிட்டுத்தான் பாத்தவை, உனக்குச் சொன்னனானோ தெரியாது. பூத்தில இருந்த பெடியன் சாப்பாடு ஏதும் இருக்கோ எண்டு கேக்க நான் லிஸ்டை வாசிக்கத் தொடங்கினன், அவன் பாதியில கையைக் காட்டி அங்கால கொண்டு போய் நிப்பாட்டு எண்டிட்டான். விவசாயப் பகுதி பொம்பிளை ஒராள் கையுறையோட வந்து டிக்கியைத் திறந்து ஒவ்வொண்டாத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தா. தூள்ப் போத்தலின்ர மூடியைத் திருகி மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனதுதான் தாமதம், ஒரு தும்மல், பிறகு ஒண்டு, பிறகு ஒண்டு, கண்ணால தண்ணி ஓடுது, மற்ற ஒபிசர் அங்கால நிண்டு சிரிக்கிறான். கொம்மா பாவம் எண்டு ரிஸ்யூ எடுத்துக் குடுக்கிறா. அவ மூடியை இறுக்கிப் பூட்டித் தந்திட்டு, சமைக்கிறது எப்பிடி எண்டு வேற கேட்டவ. ஒரு சாமானும் எடுக்கேல்லை.

இதுதான் நான் சொல்ல வாறது. கேட்டவுடன முழுக்கச் சொல்லிப்போட வேணும். சொன்னா, கூடாத சாமானை எடுத்து எறிவினம், அதோட முடிஞ்சுது, தெண்டம் இல்லை. சொல்லாமல் ஒளிச்சுப் பிடிபட்டா முதல் தரமே ஆயிரம் டொலர் வரைக்கும் போடலாம். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அன்ரி, பேர் வேண்டாம், ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு ஹான்ட்பாக்கில ஒரு தோடம்பழத்தோட போய் எல்லையைக் கெதியாத் தாண்டக் குடுக்கிற நெக்ஸஸ் கார்ட்டையே பறிகுடுத்திட்டா, இப்ப புருசன் நெக்ஸஸ் லைனால போகேலாமல் அவவோட சேர்ந்து நீள லைனில நிக்கிறார். உன்ர பெரியம்மா கறிவேப்பிலையைச் சீலை மடிப்புக்குள்ள வைச்சுக் கொண்டு வாறன் எண்டு கொம்மாவுக்கு போன் அடிச்சவ. அவ அந்தக் கதையோட எங்கட காரில ஏறேலாது, நீயும் அவவை உசுப்பேத்தாத. இலையின்ர மணத்தைச் சீலை மறைக்குமோ, மோப்பம் பிடிக்கவெண்டே அவை பீகிள் நாயளை வைச்சிருக்கினம்.

நாங்கள் சண்டைக் காலத்தில தாண்டிக்குளம் ஆமிச் சோதனைச்சாவடியில ரோச் பற்றறி ஒண்டுக்காக வெயிலில நிண்ட ஆக்கள். வன்னிக்கு பற்றறியும் மண்ணெண்ணெயும் பசளையும் கொண்டு போகேலாது எண்ட காலம், எது கூடும் எது கூடாது எண்டு ஒருத்தருக்கும் ஒழுங்காத் தெரியாது, நிக்கிற ஆமிக்காரன்ர முகத்தைப் பாத்துத்தான் அண்டைய சட்டம். இங்க சட்டம் எழுதிக் கிடக்கு, வாசிக்கலாம், கேள்வி கேக்கலாம், உண்மை சொன்னவனை அடிக்க மாட்டினம். அப்பிடி இருக்கேக்க ஒரு இலைக்காக நான் ஏன் நெஞ்சு படபடக்க நிக்க வேணும்.

உன்ர தம்பியும் வாறான். அவன்ர பையை நானே கொட்டிப் பாக்கப் போறன். கஞ்சா இங்க 2018இல இருந்து சட்டப்படி சரி, கஞ்சா கலந்த மிட்டாயும் இப்ப கடையில விக்கினம், நியூயோர்க்கிலயும் இப்ப சட்டப்படி சரி, ஆனா ரெண்டுக்கும் நடுவில உள்ள பாலத்தால கொண்டு போறது பெரிய குற்றம். அவன் அப்பிடிப்பட்டவன் இல்லைத்தான், கூட்டாளியள் விட்டது பைக்குள்ள கிடந்திடும். பக்கத்து வீட்டுச் சின்னனுக்கு கிண்டர் சர்ப்ரைஸ், அந்த உள்ளுக்க விளையாட்டுச் சாமான் வைச்ச சொக்லேட் முட்டை, கேட்டிருந்தாய், அது அமெரிக்காவில தடை, தின்னுற சாமானுக்குள்ள தின்னாத சாமான் வைக்கக்கூடாது எண்டு 1938ஆம் ஆண்டுச் சட்டம். சிரிக்காத, உண்மை. உங்க கிண்டர் ஜோய் விக்கும், அதை வாங்கிக் குடு.

மருமோனுக்கு ஒரு போத்தல் சாராயம் எடுத்திருக்கிறன். இருபத்தொண்டு வயசுக்கு மேல ஆளுக்கு ஒரு லீற்றர் வரியில்லாமல் விடுவினம், சீல் உடைக்காமல் டிக்கிக்குள்ளதான் வரும், அதையும் பூத்தில சொல்லுவன்.

திரும்பி வரேக்க நீ பட்டரும் சீஸும் கட்டித் தாறன் எண்டு நிக்காத. நாங்கள் ரெண்டு நாளுக்கு மேல நிக்கிறதால ஆளுக்கு 800 டொலருக்குச் சாமான் வரியில்லாமல் கொண்டு வரலாம் எண்டாலும் பால்ச் சாமானுக்கு மட்டும் கனடாக்காரர் கையை இறுக்கிப் பொத்திக் கொண்டு நிக்கினம், ஆளுக்கு 20 டொலர், அதுக்கு மேல போனா வரி 200 வீதத்தையும் தாண்டும். கொம்மாவுக்கு நெய் மலிவு எண்டு ஆசை காட்டினது நீதானே, இப்ப நீயே சொல்லி மறிச்சு விடு.

நாங்கள் நயாகரா நகருக்குள்ள போகாமல் லூயிஸ்ரன் குவீன்ஸ்ரன் பாலத்தாலதான் வாறம், உன்ர பக்கத்துக்கு அது கிட்ட. லோங் வீக்கெண்ட் இல்லாத ஒரு புதன்கிழமை பாத்து விடியவெள்ளன வெளிக்கிடுவம். தூளை உள்ள கூப்பிட்டுப் பாத்தா ஒரு மணித்தியாலம் பிந்தும், நீ எங்களைப் பாத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறேல்லை, வயித்துப்பிள்ளைக்காரி நேரத்துக்குச் சாப்பிட வேணும். கறிவேப்பிலை கிடைச்சுதோ இல்லையோ எண்டு மட்டும் நாங்கள் வெளிக்கிட முதல் ஒரு மெசேஜ் போடு, கிடைக்கேல்லை எண்டா கொம்மா தாளிதத்துக்கு வேற ஏதும் யோசிக்க வேணுமாம்.

அன்புடன்
அப்பா