மலாயாப் பல்கலைக்கழகத்து உறவுகளுக்கும் பாட்டிக்கும்

வணக்கம். ஆய்வுக்காகத் தஞ்சையிலிருந்து உங்களிடம் வந்திருந்த நான், நல்லபடியாகத் திருச்சி வந்து சேர்ந்துவிட்டேன். தனிமைப்படுத்தல் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. அதுவரை காத்திருக்க மனம் கேட்கவில்லை, அறையில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் என்னென்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விசாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியர்கள், தங்கள் மடிக்கணினியில் இருந்த கட்டுரைகளையெல்லாம் எனக்கு அனுப்பிய ஆய்வு மாணவர்கள், நோன்பு வைத்துக்கொண்டே எனக்குச் சைவச் சாப்பாடு தேடி வாங்கி வந்த விடுதிக் காவலர், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்து அரிசி அனுப்பிய அண்ணன், வெளிநாட்டில் சிக்கிய இந்தியர்களை ஊருக்குக் கூட்டி வந்த வந்தே பாரத் விமானத்தில் இடம் கிடைக்கும்வரை விடாமல் பேசிய தூதரக அலுவலர் எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன்.

இங்கே நான் அதிகம் சொல்ல வேண்டியது பாட்டியைப் பற்றி.

துறையில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி, நான் விடுதியில் தனியாக இருப்பதைத் தன் வீட்டில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் அவள் பாட்டி கூப்பிட்டார். யார் என்றுகூடச் சொல்லவில்லை. "தம்பி, பசியாறியாச்சா?" என்றுதான் தொடங்கினார். அதற்கப்புறம் நான் விமானம் ஏறும்வரை ஒரு காலைகூடத் தவறவில்லை. பாட்டி இருப்பது பேராக் மாநிலத்தில், நான் இருந்தது கோலாலம்பூரில். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

நூலகம் மூடிவிட்டார்கள், வந்த வேலை நின்றுபோனது என்று ஒருநாள் புலம்பினேன். என்ன வேலை என்று கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்காக 1950களில் சிங்கப்பூர் 'தமிழ் முரசு' நாளிதழ் ஆசிரியர் கோ. சாரங்கபாணி திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பா அதுக்கு ஒரு வெள்ளி குடுத்தாரு தம்பி" என்றார். வெள்ளி என்பது அந்த நாட்டுப் பணம்.

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். விடியுமுன் பால் எடுக்க மரம் சீவப் போகிற அப்பா, சம்பள நாளன்று அந்த வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்தாராம். வீட்டில் அம்மா சண்டை போட்டாராம். பணம் கேட்டு வந்தவர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று என்ன பேசினார், யார் யார் கொடுத்தார்கள், யார் அடுத்த மாதம் தருகிறேன் என்றார்கள் என்று பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எந்த நூலகத்திலும் இதெல்லாம் எனக்குக் கிடைத்திருக்காது.

தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பேராசிரியராக இருந்த இந்திய ஆய்வியல் துறை, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த ஊர் என்ற பெருமிதத்தோடுதான் தஞ்சையிலிருந்து புறப்பட்டேன். அந்தப் பெருமிதம் இப்போதும் குறையவில்லை. ஆனால் 1956இல் தொடங்கிய அந்தத் துறையின் தமிழ் நூலகத்துக்காகத் தோட்டத்துச் சனங்கள் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்களே, அவர்கள் பெயரை நாங்கள் எந்த ஆய்வேட்டிலும் எழுதுவதில்லை. பாட்டி அந்த வளாகத்துக்குள் காலடி வைத்ததே பேத்தியைச் சேர்க்க வந்த அன்றுதானாம். அப்பா பணம் கொடுத்த இடம் இதுதான் என்று அன்று யாரிடமும் சொல்லவில்லையாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பாட்டி, என் ஆய்வேட்டில் உங்கள் அப்பா பெயர் வரும். நீங்கள் சம்மதித்தபடி, நீங்கள் சொன்னது முழுவதையும் தட்டச்சு செய்து மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்றும் எங்கள் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும் கொடுக்கிறேன். முதல் படி உங்களுக்குத்தான். தங்கச்சி படித்துக் காட்டட்டும், தப்பிருந்தால் திருத்துங்கள்.

மலேசியாவிலிருந்து தஞ்சைக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். வருமுன் துறை வழியாக எனக்குத் தகவல் சொல்லுங்கள். திருச்சி விமான நிலையத்துக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன்.

நன்றியுடன்,
தஞ்சை ஆய்வு மாணவன்