மாம் பேசும் பையன்

ஓக்லாந்து, கலிபோர்னியா

அன்புள்ள கலா,

தீபாவளிக்குப் போட வேண்டிய கடிதம் பொங்கலும் தாண்டி வருகிறது. திட்டிக்கொள். முட்டி வலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் உதவியாளராக இருக்கும் இரண்டாம் வகுப்பில் குவாத்தமாலாவிலிருந்து வந்த பையன் ஒருவன். எது சொன்னாலும் பென்சிலை உருட்டிக்கொண்டிருப்பான். 'சொன்னதைக் கவனிப்பதில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. அதையெல்லாம் சேர்த்துத்தான் சிறப்புக் கல்விச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்பானிஷில் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அடிமட்டம்.

கூட்டத்தில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் பேசப் பேச, அவன் அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். வந்த புதிதில் வங்கியில் நான் ஆட்டியது. அப்புறம்தான் கேட்டோம். வீட்டில் பேசுவது மாம். மாயா மொழிகளில் ஒன்று, ஸ்பானிஷோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த ஊரில் மாம் பேசுகிறவர்கள் நிறைய. அப்படியும் எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உன்னையும் என்னையும் இந்தியில் சோதித்திருந்தால்? டியூஷன் மாமியைக் கேள், சொல்வார்!

இத்தனைக்கும் இதே கலிபோர்னியாவில், ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மனவளர்ச்சி குன்றியவர்கள் வகுப்பில் போட்டதற்கு டயானா வழக்கு நடந்தது. 1970இலேயே, தாய்மொழியில் சோதிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கூடுமானவரை தாய்மொழியில் என்பது இப்போது நாடு முழுவதற்கும் சட்டம். தாய்மொழி எது என்று விசாரித்தால்தானே?

மாம் தெரிந்தவரைத் தொலைபேசியில் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பிடித்ததும், பஸ்ஸில் கோழி தப்பிய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான் பயல். இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் கதை நடுவில் வார்த்தை கிடைக்காமல் திணறினான். பேச்சு வரவே மூன்றரை வயதானது, தங்கை முந்திக்கொண்டாள் என்றார் அம்மா. ஆங்கிலம் தெரியாதது மட்டும் காரணமென்றால் மாமில் ஏன் திணற வேண்டும்? ஆக, அவனுக்கு இரண்டு உதவியும் வேண்டும். கொடுத்தார்கள், பேச்சுப் பயிற்சியை ஆங்கில வகுப்பு நேரத்திலேயே! இதற்குப் போனால் அது போச்சு. சண்டை போட்டு அட்டவணையை மாற்றவைத்தேன். வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்று அந்த அம்மாவுக்கு ஒருவர் யோசனை வேறு சொன்னார். அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'தேங்க்யூ' ஒன்றுதான்.

என் குறிப்புகளை அழிக்க முடியாது. ஒவ்வொன்றின் கீழும் 'சொன்னது ஆங்கிலத்தில்' என்று சேர்த்து எழுதிவைத்தேன்.

அதிருக்கட்டும். உன் திருப்பூர் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த ஒடியாப் பெண், அவளிடம் யாராவது ஒடியாவில் பேசிப் பார்த்தீர்களா? பதில் போடு. என்னைப் போல் பொங்கல் தாண்டாதே.

உன்,
ராஜி