தழையின் பச்சையைப் பார்த்து உரம் போடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உருளைக்கிழங்கு சாகுபடி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் யூரியா இத்தனை மூட்டை, டிஏபி இத்தனை மூட்டை என்று எல்லா நிலத்துக்கும் ஒரே அளவு கொடுத்திருந்தார்கள். பொட்டாஷுக்கு ஒரே ஒரு வரி. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

உருளைக்கிழங்கு அதிகமாக எடுப்பது பொட்டாஷ் தரும் சாம்பல்சத்தைத்தான் (பொட்டாசியம்). ஒரு டன் கிழங்கு வயலை விட்டுப் போகும்போது ஏறத்தாழ 3 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) 1 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) போகிறது என்றால், சாம்பல்சத்து 5 கிலோ அளவுக்குப் போகிறது. அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கிழங்கு சிறுக்கும், லேசாக அடிபட்டாலே உள்ளே கறுத்துப்போகும். பொட்டாஷிலும் வகை பார்க்க வேண்டும். மியூரேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் அளவு கூடினால் கிழங்கின் மாவுத்தன்மை குறையும், வறுவலுக்குப் போகும் கிழங்கு என்றால் சல்பேட் வகை நல்லது, விலைதான் கூடுதல். அதற்காக அள்ளிக் கொட்டிவிடவும் கூடாது, சாம்பல்சத்து மிஞ்சினால் செடியால் மெக்னீசியத்தை எடுக்க முடியாமல் அடியிலைகள் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும்.

தழைச்சத்து தரும் யூரியா விஷயம் வேறு. போட்ட சில நாட்களில் தழை கரும்பச்சையாகிவிடும், பார்ப்பவர்களுக்கும் திருப்தி. ஆனால் நாம் விற்கப்போவது தழையை அல்லவே! தழைச்சத்து அதிகமானால், அதுவும் கடைசி நேரத்தில் போட்டால், கிழங்கு பருப்பது தள்ளிப்போகும், தோல் முற்றாமல் உரிந்து வரும், இருப்பில் தாங்காது, அடர்ந்த தழைக்குள் ஈரம் காயாமல் கருகல் நோய்க்கும் வசதியாகிவிடும். ஒரு பங்கை அடியுரமாகவும் மீதியைச் செடியின் அடியில் மண் அணைக்கும்போதும் கொடுத்தால் போதும். மணற்பாங்கான நிலத்தில் இன்னும் பிரித்துக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் இதன் வேர் ஆழம் போகாது, தண்ணீரோடு கீழே இறங்கிய சத்து போனதுதான்.

டிஏபி தரும் மணிச்சத்தை வயல் முழுக்க வீசுவதும் வீண். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விதைக்கிழங்கைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி, வரிசையாக இடுவதே பயன் தரும்.

அப்புறம் இந்தக் கால்சியம் தெளிப்பு. கிழங்குக்குள் பழுப்புப் புள்ளி வந்தால் இலையில் தெளிக்கச் சொல்கிறார்கள். கால்சியம் தண்ணீரோடு மேலே இலைக்குப் போகுமே தவிர, இலையிலிருந்து கிழங்குக்கு இறங்கி வராது. கிழங்கையும் அதை ஒட்டிய சிறு வேர்களையும் சுற்றியுள்ள மண்ணில் அது இருக்க வேண்டும். அதற்காக நடவுக்கு முன் சுண்ணாம்பைக் கொட்டினால் காரத்தன்மை ஏறி கிழங்கின் தோலில் சொறி நோய் வரும். கால்சியம் உள்ள ஜிப்சம் இட்டால் அந்தத் தொல்லை இல்லை. இதே சொறி நோய்க்காக மக்காத சாணத்தையும் நடவை ஒட்டிப் போடாமல் இருப்பது நல்லது.

இதெல்லாம் எந்த அளவுக்கு என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் அரையடிக்குக் குறையாமல் ஆங்கில 'வி' வடிவில் வெட்டி மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ கொடுத்தால் போதும். அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது, எந்த எண்ணுக்கு எவ்வளவு உரம் என்று ஒரு கட்டுரையை அடுத்த நடவுக்கு முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்