படங்களைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) இருப்பவர்களுக்கும் தங்கவயலை விட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் சேர்த்து வைத்திருந்த படங்கள் நனைந்துபோன அந்த மழை ராத்திரியைப் பற்றி மறுபடி சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேயே நனைந்துகொண்டு நின்றீர்கள். நீங்கள் நம்பிக் கொடுத்த குடும்பப் படங்களில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ராபர்ட்சன்பேட்டையில் முன்பு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்த பெரியவருக்கு. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கத்தை கத்தையாக ஒட்டிக்கிடந்த படங்களை என்ன செய்வதென்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்தான் அவர். "காய விடாதீங்கப்பா, காய்ஞ்சா பிரிக்கவே முடியாது! தண்ணியிலயே போடுங்க" என்று சத்தம் போட்டார். ஈரப் படத்தைத் திரும்பத் தண்ணீரில் போடுவதா? தயங்கித்தான் தாம்பாளங்களைக் கொண்டுவந்தோம். ஓரம் தானாக இளகும்வரை காத்திருந்து, படத்தின் முகத்தில் விரல் படாமல், ஒவ்வொன்றாக நழுவவிட்டுப் பிரித்தார். அப்புறம் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். விடிந்தும் உட்காரவில்லை.

தார்ப்பாய் கொண்டுவந்தவர்கள், வண்டி தந்தவர்கள், பெங்களூரிலிருந்து ரயில் பிடித்து வந்த பிள்ளைகள், சோறு ஆக்கிப் போட்ட லைன் வீட்டு (சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு) அக்காக்கள், எல்லோருக்கும் நன்றி.

பிழைத்தவற்றில், சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஷாப்ட் (ஆட்கள் கீழே இறங்கும் செங்குத்துக் குழி) முன்னால் ஷிப்டுக்கு நிற்கும் ஆட்களின் படம் ஒன்று. பின்பக்கம் இங்க் பேனாவில் எழுதியிருந்த பெயர்களெல்லாம் கரைந்து நீலக் கறையாகிவிட்டன. யாரோ பென்சிலில் எழுதிய இரண்டு பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியது வரை எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி வெட்டியவர்களின் பெயர் இப்படிப் படத்தின் முதுகில்தான் கிடக்கிறது. 1930-ல் வேலைப் பதிவுக்குக் கைரேகை வைக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களில் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லத் தெரியும்?

இனி எந்தப் படத்தின் பின்னாலும் பென்சில்தான். ஸ்கேன் செய்த பிரதி ஒன்று கொடுத்தவர் வீட்டுக்கும் வரும். மாரிக்குப்பம், உரிகம், ஆண்டர்சன்பேட்டை பக்கம் பழைய ஆட்களை அடையாளம் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் இருந்தால் தகவல் சொல்லுங்கள். அவர்களை அலைக்கழிக்க வேண்டாம், படங்களை எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.